ஆக்ஸ்போர்டுக்கும் ஹார்வர்டுக்கும் நம் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் முறை

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரத்தில், இத்தனை 'ஏ' பெற்றார் என்ற கணக்கோடு மாணவர்களின் படங்கள் நம் தமிழ் நாளிதழ்களில் வரிசையாக இடம்பெறும். அந்தப் பெருமிதம் நியாயமானதே. ஆனால் கடும் போட்டி நிலவும் பல்கலைக்கழகங்களின் வாசலில் நிற்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அப்படிப் படம் வந்தவர்கள்தாம். 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்தனர். இடம் பெற்றவர்கள் 1,937 பேர். ஆக்ஸ்போர்டில் ஏறத்தாழ 3,300 இளங்கலை இடங்களுக்கு 23,000க்கும் அதிகமானோர் விண்ணப்பிக்கின்றனர். இந்த நெரிசலில் தேர்வுக் குழு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது, தேர்ச்சித்தாளுக்குப் பின்னால் இணைக்கப்படும் பக்கங்களைக் கொண்டுதான்.

கோலாலம்பூரின் அனைத்துலகப் பள்ளிகளிலும் கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரிகளிலும் அந்தப் பக்கங்களைக் கவனிப்பதற்கென்றே அலுவலர்கள் இருக்கின்றனர். செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ தேசிய இடைநிலைப்பள்ளியில் ஆறாம் படிவம் பயிலும் மாணவருக்கு அந்த வசதி கிடையாது. தம் ஆசிரியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரே எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். அந்த மாணவரையும் அவருடைய பெற்றோரையும் மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

பணக் கணக்கு முதலில்

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன், யார் பணம் கட்டப் போகிறார்கள் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பேச்சைக் கடைசி வரை தள்ளிப்போட்டு, இடம் கிடைத்த பிறகு கைவிட நேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை.

பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் பல அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு வெளிநாட்டு மாணவர் செலுத்தும் ஆண்டுக் கட்டணமே 30,000 பவுண்டைத் தாண்டும். தங்குமிடமும் உணவும் தனி. அங்கே இளங்கலை படிக்கும் வெளிநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகமே வழங்கும் உதவி சொற்பம். எனவே உபகாரச் சம்பளம் கைவசம் இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்குக் கேம்பிரிட்ஜ் அழைப்புக் கடிதம் சட்டம் போட்டு மாட்டும் காகிதமாகவே நின்றுவிடக்கூடும்.

அமெரிக்க நிலைமை வேறு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்வி நிலையங்கள், வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்திலும், உதவி கேட்டாரா இல்லையா என்று பாராமல் தேர்ந்தெடுத்து, தேர்ந்தெடுத்தவரின் குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. பிற பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே முடிவு செய்கின்றன. அங்கே பெரிய தொகை கேட்பவரின் வாய்ப்பு குறைகிறது. ஆகவே, மாதம் சில ஆயிரம் ரிங்கிட் வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு, பெயர் குறைவான ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தைவிட ஹார்வர்டு மலிவாக முடியலாம். உள்ளே நுழைவதுதான் அரிது.

உதவி கேட்போரிடம் பல கல்வி நிலையங்கள் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்னும் விரிவான நிதிப் படிவத்தைக் கேட்கும். பெற்றோரின் சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்தால் அதை நிரப்புவது எளிது. ஊழியர் சேமநிதி அறிக்கையும் உடன் இருக்கட்டும். தந்தை லாரி ஓட்டுபவராகவோ சிறு கடை நடத்துபவராகவோ இருந்து வரிக் கணக்கு இல்லையென்றால், மாத வரவு செலவை நேர்மையாக விளக்கும் கடிதம் ஒன்றை எழுதி, அந்தப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்திடம் வேறென்ன ஆவணம் ஏற்கப்படும் என்று மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ள வேண்டும். விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்கு கோரலாம். கூச்சப்பட வேண்டியதில்லை, அந்த வசதி கேட்பவர்களுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

உள்நாட்டில் பொதுச் சேவைத் துறை, பேங்க் நெகாரா, யாயாசான் கசானா, பெட்ரோனாஸ் போன்றவை உபகாரச் சம்பளம் தருகின்றன. சில திட்டங்கள் எஸ்.பி.எம். முடிவை வைத்தே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, புகுமுக வகுப்பிலிருந்தே செலவை ஏற்கின்றன. முடிவு வந்த சில வாரங்களிலேயே அவற்றின் விண்ணப்பக் காலம் முடிந்துவிடும் என்பதால், கொண்டாட்டத்தை ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. படிப்பு முடிந்தபின் எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்த விதியைப் பெற்றோரும் சேர்ந்து படியுங்கள். அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் உள்நாட்டுக் கல்வி நிலையங்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டுப் படிப்புக்கு அதை எண்ணித் திட்டமிடக் கூடாது.

சிங்கப்பூரை நம் பெற்றோர் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். தேர்ச்சியோடு விண்ணப்பிக்க இடமளிக்கின்றன. அந்நாட்டுக் கல்வி அமைச்சின் கட்டண மானியத்தைப் பெறும் வெளிநாட்டு மாணவர், படிப்புக்குப் பின் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையும் சேர்ந்தே வருகிற ஏற்பாடாக அதைப் பார்த்தால், பினாங்குக் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி அதிகம் இல்லை என்பது என் கருத்து.

புகுமுக வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

எஸ்.பி.எம். பதினோர் ஆண்டுப் பள்ளிக்கல்வியின் முடிவு. உயர்ந்த தரத்தில் தேர்ந்தெடுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதற்கு மேலும் ஒரு தகுதியை எதிர்பார்க்கின்றன. ஏ-லெவல், ஐ.பி., எஸ்.டி.பி.எம். ஆகிய மூன்றும் பரவலாக அறியப்பட்டவை. தனியார் கல்லூரிகளின் அடிப்படைப் படிப்புகள் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரிக்கும் அதன் கூட்டாளிப் பல்கலைக்கழகங்களுக்குமே பயன்படும். மெட்ரிகுலேஷன் முதன்மையாக உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான வழி. வெளிநாடே குறி என்றால், சேர்வதற்கு முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் மலேசியப் பக்கத்தைத் திறந்து, எந்தத் தகுதியை ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.டி.பி.எம். எளிய குடும்பத்துக்கு ஏற்றது. கட்டணம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அதன் மூன்று பருவங்களும் முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க நேரும். அந்நிலையில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள், இறுதியில் என்ன தேர்ச்சி கிடைக்கும் என்று பள்ளி முன்கணித்துச் சொல்வதைக் கேட்கின்றன. நம் ஆறாம் படிவப் பள்ளிகள் பலவற்றுக்கு இது பழக்கமில்லாத வேலை. ஆசிரியர் தயங்கிக் குறைத்து எழுதினால் வாசல் அங்கேயே மூடிக்கொள்ளும்; ஆகவே முதல் பருவத் தேர்ச்சியையும் பள்ளித் தேர்வு மதிப்பெண்களையும் ஒரே தாளில் தொகுத்து ஆசிரியரிடம் கொடுத்து, இந்தக் கணிப்பு எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பணிவோடு விளக்க வேண்டும்.

மருத்துவத்தையே எண்ணியிருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் மருத்துவம் இளங்கலை முடித்த பிறகு படிக்கும் படிப்பு. பிரிட்டனில் நேரடியாகச் சேரலாம். ஆனால் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான யூகாஸ் வழி தேர்ந்தெடுக்கக்கூடிய ஐந்து இடங்களில் நான்கை மட்டுமே மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம், வெளிநாட்டவருக்கான இடங்களும் குறைவு. எந்த நாட்டிலானாலும் அந்தப் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பள்ளியிலிருந்து வர வேண்டிய தாள்கள்

மிகுந்த காலத்தை விழுங்குவது இந்தப் பகுதிதான். மாணவர்கள் மிகக் குறைவாக நினைப்பதும் இதைத்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இடைநிலைக் கல்வியின் கடைசி நான்கு ஆண்டு மதிப்பெண் பதிவைக் கேட்கும். நம் கணக்கில் அது மூன்றாம் படிவத்திலிருந்து புகுமுக வகுப்பு வரை நீளும். ஆறாம் படிவத்துக்கு வேறு பள்ளிக்குச் சென்றவர் பழைய பள்ளிக்குத் திரும்பிப் போய், மூன்று, நான்கு, ஐந்தாம் படிவங்களின் தேர்ச்சிப் பதிவுகளைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் மாறியிருப்பார், அலுவலகத்தில் விடுமுறை இருக்கும். எனவே மூன்றாம் படிவத்திலிருந்தே ஒவ்வோர் ஆண்டுப் பதிவின் நகலையும் பள்ளி முத்திரையோடு வாங்கி வைத்துவிடுங்கள். மலாய் மொழியில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. சில பல்கலைக்கழகங்கள் பள்ளியே மொழிபெயர்த்து முத்திரையிடுவதை ஏற்கும், சில சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பைக் கேட்கும். மலேசிய மொழிபெயர்ப்பு மற்றும் நூல் நிறுவனம் அந்தச் சேவையை வழங்குகிறது.

பள்ளியைப் பற்றிய அறிமுகத் தாள் ஒன்றும் தேவைப்படும். எத்தனை மாணவர்கள், எந்தப் பாடங்கள் கிடைக்கின்றன, மதிப்பெண் முறை எப்படி என்பதை ஒரு பக்கத்தில் சொல்லும் தாள் அது. இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு பருவம் கழிந்த பள்ளி என்றால், உங்கள் மதிப்பெண் எந்தச் சூழலில் வந்தது என்பதை அந்தத் தாள் அல்லாமல் வேறெதுவும் அவர்களுக்குச் சொல்லாது. பள்ளியில் அப்படி ஒன்று இல்லையெனில், வரைவை மாணவர் எழுதிக் கொடுக்க, ஆலோசக ஆசிரியர் சரிபார்த்துக் கையொப்பமிடலாம்.

பரிந்துரைக் கடிதம் இன்னும் கவனத்துக்குரியது. 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லாரிடமும் பணிவாகப் பழகுபவர்' என்று நம் ஆசிரியர்கள் அன்போடு எழுதும் நற்சான்று அங்கே எதையும் சொல்லாத தாளாகவே படிக்கப்படும். வகுப்பில் மாணவர் கேட்ட கேள்வி, தவறாகப் போன பரிசோதனையை அவர் திரும்பச் செய்த விதம், பின்தங்கிய நண்பருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த நாள் என நடந்ததைச் சொல்லும் கடிதமே எடுபடும். கடிதத்தை மாணவரே எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நேர்மையற்றது என்பதோடு, கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருப்பது எளிதில் கண்ணில் படும். அதற்குப் பதிலாக, இரண்டு மாதங்களுக்கு முன்பே ஆசிரியரை நேரில் பார்த்துக் கேட்டு, அவருடைய வகுப்பில் நடந்த நான்கைந்து நிகழ்ச்சிகளை நினைவூட்டும் குறிப்பு ஒன்றைக் கொடுங்கள். கடிதத்தைக் கேட்கும் அழைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே வரும்; பதிவேற்றுவது வரை அவருடைய வேலை என்பதால், அவர் தவறாமல் திறந்து பார்க்கும் முகவரியைக் கேட்டுப் பெறுங்கள்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பவற்றுக்குப் பின் தந்தை பெயர் வரும். வெளிநாட்டுப் படிவங்களோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். தம் பெயரை முதலிலும் தந்தை பெயரை அடுத்ததிலும் இட்டு, அதே எழுத்துகளில் அமெரிக்கச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி., ஆங்கில மொழித் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்., யூகாஸ், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் அனைத்திலும் ஒன்றுபோல் பதியுங்கள். ஓரிடத்தில் ஏ/எல் இருந்து மற்றோரிடத்தில் இல்லாமற்போனால் மதிப்பெண் விண்ணப்பத்தோடு சேராமல் தொங்கக்கூடும். தேர்வு நாளில் காட்டும் அடையாள ஆவணத்தோடும் பெயர் பொருந்த வேண்டும்.

எழுதும் பகுதி

இரு நாடுகளும் கேட்பது இரு வேறு எழுத்து. ஒன்றுக்கு எழுதியதை மற்றதற்கு அனுப்பக் கூடாது.

யூகாஸ் விண்ணப்பத்தில் 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து தனிக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள் இடம்பெறுகின்றன. இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இதுவரை படித்தவை எப்படித் தயார்ப்படுத்தின, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பவை அவை. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இது முழுக்கப் பாடத்தைப் பற்றிய எழுத்து. மின்னணுப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் தாயார் பாயான் லெப்பாஸில் சில்லுத் தொழிற்சாலையில் பணிபுரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சிறு வயது முதல் பொறியியலில் ஆர்வம்' என்று தொடங்குவதைவிட, ஒரே தகட்டிலிருந்து வெட்டும் சில்லுகளுள் சில மட்டும் ஏன் பழுதாகின்றன என்று தாயாரிடம் கேட்டதையும், அதைப் புரிந்துகொள்ள எதைப் படித்தார், எங்கே விளங்காமல் நின்றார் என்பதையும் எழுதினால் அது வேறெவராலும் எழுத முடியாத பத்தியாகும். ஒரே விண்ணப்பம் ஐந்து இடங்களுக்கும் போவதால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதில் குறிப்பிடாதீர்கள். பிறர் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று யூகாஸ் மென்பொருள் கொண்டு சோதிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

அமெரிக்காவுக்கான காமன் ஆப் கட்டுரை 650 சொற்களுக்குள் மாணவரின் குணத்தையும் சிந்தனையையும் காட்ட வேண்டியது. நம் மாணவர்கள் இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டனைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பாட்டன் பெரிய மனிதர்தான். ஆனால் இடம் கேட்பவர் பேரன். கட்டுரையின் பெரும்பகுதி பாட்டனுடையதாக இருந்தால் வேறு எழுதுங்கள்.

செயற்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துக்குறிகள் மட்டுமே. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. கணக்கில் புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு என்று கூட்டிச் சேர்க்கும் முறையில் பழகிய நாம் சான்றிதழ்களைக் குவிக்கிறோம். அங்கே யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீண்ட காலம் பொறுப்போடு செய்த இரண்டு மூன்று வேலைகளே நிற்கும். ஸ்ரீ முருகன் நிலையத்தில் வாரந்தோறும் இளையவர்களுக்குப் பாடம் சொல்வது, தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தலின் கணக்கைப் பார்ப்பது, மாலையில் தந்தையின் பட்டறையில் ரசீது எழுதுவது, படுக்கையில் இருக்கும் பாட்டியைக் கவனிப்பது ஆகிய எல்லாமே எழுதத்தக்கவை. வாசிப்பவர் பினாங்கையே பார்த்திராதவர். நிலையத்தின் பெயர் அவருக்கு எதையும் உணர்த்தாது. எத்தனை பேருக்கு, என்ன பாடம், எவ்வளவு காலம் என்று எழுதுங்கள்.

தேர்வுகளும் நேர்காணலும்

எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வை எம்.ஐ.டி., ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்றவை மீண்டும் கட்டாயமாக்கியுள்ளன. பிரிட்டனில் மருத்துவத்துக்கு யூகேட், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களில் சட்டத்துக்கு எல்நாட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல் ஆகியவற்றின் பல கணித, பொறியியல் படிப்புகளுக்கு டி.எம்.யு.ஏ. அல்லது இ.எஸ்.ஏ.டி. என்று தனித்தனித் தேர்வுகள் உள்ளன. விண்ணப்பம் அனுப்பியதோடு பதிவு தானாக நடந்துவிடாது. யூகேட் செப்டம்பரோடு முடியும். அக்டோபர்த் தேர்வுகளுக்கான பதிவும் முன்கூட்டியே மூடப்படும். நகரத்துத் தேர்வு மையங்கள் விரைவில் நிரம்பும் என்பதால் வடமாநில மாணவர் கோலாலம்பூருக்குப் பயணம் செய்யவும் தயாராக இருக்க வேண்டும்.

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் டிசம்பரை ஒட்டி நடத்தும் நேர்காணல் வெளிநாட்டவருக்குப் பொதுவாக இணையவழியில் நிகழும். அங்கே சரியான விடையை விட, விடை தெரியாதபோது வாய்விட்டு யோசிக்கும் விதமே கவனிக்கப்படுகிறது. ஆசிரியர் முன் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் நமக்கு மரியாதையாகக் கற்பிக்கப்பட்டது. இந்த ஓர் அரை மணி நேரத்துக்கு அதை ஒதுக்கிவைக்க வேண்டும். முன்பு பார்த்திராத கணக்கு ஒன்றை எடுத்து, நண்பர் எதிரில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே தீர்த்துப் பழகினால் போதும். மனப்பாடம் செய்த பதில்கள் இரண்டாம் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

கெடு நேரமும் முகவர்களும்

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஓராண்டில் விண்ணப்பிக்கலாம். அவற்றுக்கும் மருத்துவத்துக்கும் யூகாஸ் கெடு அக்டோபர் 15, பிரிட்டிஷ் நேரம் மாலை 6 மணி. மலேசியாவில் அப்போது 16ஆம் தேதி அதிகாலை 1 மணி. ஏனையவற்றுக்குக் கெடு ஜனவரியில். அமெரிக்காவில் முன்கூட்டிய சுற்று பெரும்பாலும் நவம்பர் 1, பொதுச் சுற்று ஜனவரி தொடக்கம். காமன் ஆப் கெடு விண்ணப்பிப்பவரின் உள்ளூர் நேரப்படி நள்ளிரவோடு முடியும். முன்கூட்டிய சுற்றுகளுள் எர்லி டிசிஷன் என்பது இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்ற உறுதிமொழி. ஓரிடத்துக்கு மட்டுமே அதைத் தர முடியும். உதவித்தொகை போதாதபோது மட்டும் விலகலாம். பல இடங்களின் உதவியை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு அது ஏற்றதன்று.

கல்விக் கண்காட்சிகளில் மேசை போட்டிருக்கும் முகவர்களில் பலர், மாணவரைச் சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கழிவுத்தொகை பெறுபவர்கள். அந்த ஏற்பாடு உள்ள பல்கலைக்கழகங்களையே அவர்கள் பரிந்துரைப்பது இயல்பு. யூகாஸ், காமன் ஆப் இரண்டிலும் மாணவரே நேரடியாகக் கணக்குத் திறக்கலாம். பள்ளி யூகாஸில் பதிவு செய்யாதிருந்தாலும் தனி விண்ணப்பதாரராக அனுப்பி, ஆசிரியரின் மின்னஞ்சலைப் பரிந்துரையாளர் இடத்தில் கொடுக்கலாம். அமெரிக்கப் படிப்பு குறித்த ஐயங்களுக்குக் கோலாலம்பூரில் இயங்கும் மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தின் ஆலோசனைச் சேவை இருக்கிறது. கட்டுரையை எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் மட்டும் ஒருபோதும் போகாதீர்கள்.

முடிவுகள் வரத் தொடங்கியதும், யூகாஸில் ஒன்றை உறுதியாகவும் அதைவிடக் குறைந்த தேர்ச்சி கேட்கும் மற்றொன்றைக் காப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வழக்கமாக மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். உதவித்தொகைக் கடிதத்தில் விமானச் செலவும் மருத்துவக் காப்புறுதியும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். தொகை குறைவாக இருந்தால் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். பிரிட்டிஷ் மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்பதால், உறவினரிடம் கைமாற்று வாங்கும் எண்ணமிருந்தால் அந்த 28 நாளையும் மனத்தில் வைத்து முன்கூட்டியே பேசி வையுங்கள். இதற்கிடையில் யூ.பி.யூ. விண்ணப்பத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்திருந்தால், வெளிநாட்டு அழைப்பும் அதற்கான பணமும் எழுத்து வடிவில் கைக்கு வந்து சேரும் வரை அந்த இடத்தை மறுக்க வேண்டாம்.